பச்சை விளக்கு எரிந்தால் பணம் போகும்

பணம் இருந்தது. பொருள் இருந்தது. விற்கிறவருக்கு விற்கவும் மனசிருந்தது. இருந்தும் மேகலாவால் அதை வாங்க முடியவில்லை. அவளுடைய இதயம் கொஞ்சம் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

“நீங்கள் பதற்றத்தில் இருக்கிறீர்கள்” என்றது அவள் இடது மணிக்கட்டில் இருந்த பட்டை. காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுவது போன்ற குழைவான குரல் அதற்கு. “பதற்றத்தில் எடுக்கும் முடிவு உங்களுக்குத் தீங்காகலாம். உங்கள் பாதுகாப்புக்காக இந்தப் பணம் நிறுத்தப்பட்டது. சற்று ஓய்வெடுங்கள்.”

“ஓய்வெடுத்தா உள்ள இருக்கறதெல்லாம் செத்துப் போயிருமே, கருமம்” என்றாள் மேகலா.

பட்டையில் சிவப்பு விளக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தமாக எரிந்தது.

உள்ளே இருந்தவை முட்டைகள். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில், புளியம்பாளையம் பிரிவில் இறங்கி உள்ளே நடந்தால் மேகலாவும் அவள் கணவன் தினகரனும் நடத்தும் குஞ்சு பொரிப்பகம் வரும். முந்தின வருடம் கோழிக்காய்ச்சல் வந்து அந்தச் சுற்றுவட்டாரத்தையே துடைத்துவிட்டுப் போயிருந்தது. எப்படியோ தப்பிப் பிழைத்த நாட்டுக்கோழிகள் மறுபடி முட்டையிட ஆரம்பித்தபோது, ஊர்ப் பெண்கள் அவற்றை அடைக்கு வைக்காமல், முந்தானையில் பொத்திக்கொண்டு வந்து மேகலாவிடம் கொடுத்தார்கள். பங்குக்கு. பொரிவதில் பாதி அவர்களுக்கு, பாதி பொரிப்பகத்துக்கு. எந்த முட்டை யாருடையது என்று பென்சிலால் பேர் எழுதியிருந்தது. ருக்குமணி, தங்காயி, பாப்பாத்தி, சாவித்திரி. இந்த ஈடு பொரிந்தால் ஊரில் மறுபடி கோழி கூவும். கெட்டுப்போனால் கூவாது, பொரிப்பகத்தையும் பூட்ட வேண்டியதுதான்.

அன்று காலையில்தான் பொரிப்புப் பெட்டியின் கண்ட்ரோல் போர்டு புகைந்து செத்தது. சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலை. இப்போது அந்த வேலையைத் தினகரன் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தெர்மாமீட்டரை முறைத்தபடி, ஹீட்டர் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தான். கொஞ்சம் கூடினால் கரு வெந்துவிடும், குறைந்தால் விறைத்துவிடும். தட்டுகளைச் சாய்த்துச் சாய்த்து முட்டைகளைத் திருப்புவது மேகலாவின் பங்கு. இரண்டு பேரும் நகர முடியாது; புது போர்டையும் இருந்த இடத்திலிருந்தே பட்டை வழியாகத்தான் வாங்க வேண்டும்.

“ஆச்சா?” என்றான் தினகரன், தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“செவப்பு.”

“நீ கொஞ்சம் கோபப்படாம அமுக்கிப் பாரேன்.”

“நான் கோபமே படலீங்க” என்று அவள் கத்தினாள்.

இந்த ‘நிதானம்’ திட்டம் வந்த கதையைச் சொன்னால், நியாயமாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் போலீஸ் பேசுகிறேன், கோர்ட்டிலிருந்து பேசுகிறேன், உங்கள் பேரில் வந்த பார்சலில் கஞ்சா இருக்கிறது என்று போனில் மிரட்டியே ஜனங்களைச் சூறையாடினார்கள். இன்னும் சில நிமிடம்தான் இந்த விலை, ஒன்றுதான் மிச்சம் என்று அவசரப்படுத்தி இல்லாத பொருளை விற்றார்கள். படித்தவன், படிக்காதவன் என்றெல்லாம் வித்தியாசம் இல்லை. எல்லாரும் ஏமாந்தார்கள். ஏமாந்தவர்களை ஆராய்ந்த யாரோ ஒரு புண்ணியவான், பட்டனை அமுக்கிய நேரத்தில் அத்தனை பேருக்கும் நெஞ்சு படபடத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். சட்டம் வந்தது. இனி எல்லாப் பணமும் மணிக்கட்டுப் பட்டை வழியாகத்தான் போகும். நாடி, வியர்வை, குரல் மூன்றும் சீராக இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

மேகலாவின் அப்பாவே அந்தக் கஞ்சாப் பார்சல் மிரட்டலில் சேமிப்பை எல்லாம் இழந்து, அதோடு படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அதனால் பட்டை கைக்கு வந்த வருடம் ஆயுத பூஜையில் அவள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். அவ்வளவு நம்பிக்கை. ஊர் மகளிர் குழுவில் ‘நிதானம்’ பற்றி வகுப்பே எடுத்தவள் அவள்.

ரூபாய் நோட்டு என்று ஒன்று இருந்ததே, அதைக் கொடுத்து வாங்கலாமே என்றால், நோட்டு அப்போது கோயில் உண்டியலிலும் மொய்க்கவரிலும்தான் மிஞ்சியிருந்தது. கடைக்காரர் நோட்டு வாங்கினால் கடைக்குப் பூட்டு. மொய்யில் மட்டும் எந்த அரசாங்கமும் கைவைக்கத் துணியவில்லை. வைத்தால் அடுத்த தேர்தலில் டெபாசிட் தேறாது என்று அவர்களுக்கும் தெரியும்.

வேறு ஆளை விட்டுக் கட்டச் சொல்லலாம் என்றால், அதுவும் குற்றம். பக்கத்து ஊரில் சுந்தரம் என்று ஒருவர் இருந்தார். பிரஷருக்குப் போடும் மாத்திரையால் அவருக்கு நாடி ஏறவே ஏறாது. வீடே தீப்பிடித்தாலும் பச்சைதான். அவசரம் என்றால் எல்லாரும் மாத்திரை சுந்தரத்திடம் ஓடினார்கள். அவரும் ஒரு பெஞ்சு போட்டு, காபி குடித்துக்கொண்டே ஊருக்கெல்லாம் பணம் கட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிடிக்க வந்தபோதும் அவருக்குப் பச்சைதான் எரிந்ததாம்.

மேகலா மறுபடி அமுக்கினாள். சிவப்பு. கண்ணை மூடி, முருகா முருகா என்று சொல்லி அமுக்கினாள். சிவப்பு. வேறு வழியில்லாமல் கடைக்காரருக்கே போன் போட்டாள். கோவையில் பழைய இயந்திரங்களுக்கு உதிரி பாகம் விற்கும் கடை அது. கிருபாகரன் என்று பேர்.

“ஏம்மா, உனக்கும் செவப்பா?” என்றார் அவர் எடுத்ததும். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டிய குரல்.

“ஆமாங்ணா. புளியம்பாளையம் பிரிவுலிருந்து பேசறனுங்க, என்ன பண்ணுனாலும் பணம் போக மாட்டீங்குது.”

“எத்தன தடவ அமுக்குன?”

“ஒரு நாலஞ்சு தடவ இருக்குமுங்க.”

“அட கெரகமே. செவப்பு விழுகறப்பெல்லாம் இங்க எனக்கு ஒரு கரும்புள்ளி விழுகுது, தெரியுமா உனக்கு? வாங்கறவங்களப் பதற வெக்கறவன்னு என்ற பேருல எழுதிக்கறான். பதறாம எவம்மா ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வர்றான்? மிசின் நல்லா ஓடறவனா வருவான்?”

“நான் என்னங்ணா பண்ணட்டும்? உள்ள முட்டை இருக்குதுங்க.”

“முட்டையா?” குரல் ஒரு நொடி இறங்கியது. “எத்தன நாள் முட்டை?”

“ரெண்டு வாரம் ஆச்சுங்க. உள்ள துடிப்புத் தெரியுது.”

“செரி. பணம் கெடக்குது உடு. போர்ட இப்பவே பஸ்ல குடுத்து உடறேன். தாராபுரம் வண்டி கண்டக்டரு நமக்குத் தெரிஞ்சவரு. நீ பிரிவுல நின்னு வாங்கிக்க. உன்ற நெஞ்சு எப்ப அடங்குதோ, அப்பப் பணம் போடு.”

மேகலா சட்டென்று உஷாரானாள். ஏனென்றால் இதைத்தான் அவள் வகுப்பில் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பணம் வாங்காமல் பொருள் அனுப்புகிறேன் என்பவன் மோசடிக்காரன்; பார்சலில் எதையாவது வைத்து அனுப்பிவிட்டு, நாளைக்குப் போலீஸ் என்று போன் செய்வான்; உடனே பேச்சைத் துண்டியுங்கள். ரேஷன் கடைச் சுவரில் அப்பாவைப் போலவே ஒரு பெரியவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் படத்துக்குக் கீழே இதுதான் எழுதியிருக்கிறது. எவன் இந்தக் காலத்தில் முன்பின் தெரியாதவளுக்குப் பொருளைச் சும்மா அனுப்புவான்? அதுவும் இப்படிக் கத்துகிறவன்?

“ஹலோ? பேர் சொல்லும்மா, பார்சல் மேல எழுதோணும்” என்றார் கிருபாகரன்.

மேகலா போனைத் துண்டித்தாள்.

பட்டை உடனே பேசியது. “நல்ல முடிவு. இதே பொருள், நிதான முத்திரை பெற்ற வேறொரு கடையில் கிடைக்கிறது. காட்டட்டுமா?”

முத்திரை என்றால் சும்மா இல்லை. அந்தக் கடையில் வாங்கியவர்களில் ஒருவருக்குக்கூடச் சிவப்பு எரிந்ததில்லை என்று அர்த்தம். கடையின் பேர் சாந்தம் ஸ்டோர்ஸ். அழைத்ததும் ஒரு பெண் பேசினாள். பேர் நந்திதாவாம். பின்னணியில் மெலிதாக வீணை கேட்டது.

“அக்கா, முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க” என்றாள் நந்திதா. “எந்த அவசரமும் இல்ல. உங்களுக்கு வேணுங்கற போர்டு எங்ககிட்ட நிறையவே இருக்கு. யோசிச்சு, வீட்ல கேட்டுட்டு, பொறுமையா வாங்குங்க.”

“இல்லீங்க, இப்பவே வேணுமுங்க. முட்டை இருக்குது.”

“புரியுதுக்கா. எங்க அம்மாவும் கோழி வளர்த்தவங்கதான். நீங்க வெசனப்படாதீங்க, பொழுது சாயறதுக்குள்ள வீட்டு வாசல்ல இருக்கும். இப்ப என்கூடச் சேந்து மெதுவா மூச்ச உள்ள இழுங்க பார்க்கலாம்.”

மேகலா இழுத்தாள். காலையிலிருந்து அவளிடம் யாரும் இப்படிப் பேசவில்லை. காலையிலிருந்து என்ன, கல்யாணம் ஆன நாளிலிருந்தே யாரும் பேசவில்லை என்றுகூடச் சொல்லலாம். தோள் இரண்டும் தானாக இறங்கின. கண்ணில் கொஞ்சம் ஈரம் வந்து, நின்று, காய்ந்தது. பட்டையில் பச்சை எரிந்தது. பணம் போய்விட்டது.

“பாத்தீங்களா?” என்றாள் தினகரனிடம். “பேசற விதத்துல பேசுனா எல்லாம் நடக்குது. அந்த மனுசனும் கடைதான் வெச்சிருக்கறான், சந்தைக்கடையாட்டம் கத்தறான்.”

பொழுது சாய்ந்தது. வாசலுக்கு எதுவும் வரவில்லை. போன் செய்தபோது, “வந்துட்டே இருக்குதுக்கா, நீங்க படுத்துத் தூங்குங்க” என்றாள் நந்திதா. அதற்கடுத்த அழைப்பில் வீணை மட்டும் கேட்டது. அதற்கும் அடுத்ததில் வீணையும் இல்லை.

அன்று ராத்திரி முழுக்க இருவரும் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். விடியும் சமயத்தில் சுவிட்சில் கை வைத்தபடியே தினகரன் கண்ணயர்ந்துவிட்டான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது. மேகலா ஓடி வந்து பெட்டியைத் திறந்தபோது, மேல் தட்டிலிருந்து வந்த சூடு முகத்தில் அடித்தது. ஒரு முட்டையை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நேற்று வரை சிலந்தி வலை போல ஓடிய ரத்த நாளங்கள் தெரியவில்லை. உள்ளே அசைவில்லை. முட்டை மேல் ருக்குமணி என்று எழுதியிருந்தது. அந்தத் தட்டு முழுக்கவே போயிற்று.

தினகரன் தலையில் அடித்துக்கொண்டான். அவனைத் திட்ட மேகலாவுக்கு மனசு வரவில்லை. திட்ட வேண்டிய ஆள் வேறு இடத்தில் இருந்தது. காலையில் முதல் வேலையாக ‘நிதானம்’ அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

எடுத்த பையன் ரொம்ப மரியாதையாகப் பேசினான். “உங்க கணக்கப் பாத்துட்டேங்க மேடம். சாந்தம் ஸ்டோர்ஸுக்குப் பணம் அனுப்பறப்ப உங்க நாடி அருமையா இருந்திருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தாறு.”

“மார்க்கெல்லாம் கெடக்கட்டுங்க. பொருள் வரல. ஏமாத்திட்டாங்க. என்ற பணத்தத் திருப்பிக் குடுங்க.”

“பதட்டத்துல போன பணமா இருந்தா கண்டிப்பா நாங்க பொறுப்பு மேடம். நிதானமா போன பணம் உங்க சொந்த முடிவு. அதுக்கு இழப்பீடு கிடையாதுங்க.”

“பதட்டத்துல இருந்தா பணம் போகவே உட மாட்டீங்களே.”

“ஆமாங்க மேடம். அதனாலதான் இதுவரைக்கும் யாருக்கும் இழப்பீடு குடுக்க வேண்டிய நெலமையே வரல” என்றான் பையன். கிண்டலாகச் சொல்லவில்லை. பெருமையாகவே சொன்னான்.

“அப்ப அந்தக் கடைக்காரிக்கு மட்டும் எப்புடிங்க முத்திரை குடுத்தீங்க?”

“அவங்ககிட்ட வாங்கினவங்க யாருமே வாங்கறப்பப் பதறலீங்களே.”

“ஏமாந்ததுக்கப்பறம் பதறியிருப்பாங்களே.”

“அத நாங்க அளக்கறதில்லீங்க மேடம். வேற ஏதாவது உதவி வேணுங்களா?”

திருடனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவளின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வருடக்கணக்காக இதைத்தான் பாதுகாப்பு என்று அவள் வகுப்பெடுத்தாள். மிரட்டினால் சிவப்பு எரிகிறது என்று தெரிந்ததும் திருடன் கொஞ்சிப் பேசப் பழகிக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது. நல்லவருக்குத்தான் கொஞ்சத் தெரியவில்லை. நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத எரிச்சல், தன் மேலும் சேர்த்து.

வெட்கத்தை விட்டுவிட்டுக் கிருபாகரனுக்குப் போன் செய்தாள்.

“நேத்துப் பேசிட்டு இருக்கறப்பவே மூஞ்சில அடிச்ச மாதிரி வெச்சயே, அந்தப் புள்ளைதான?” என்றார் அவர்.

“தப்புப் பண்ணிட்டனுங்ணா. நீங்க பணம் வேண்டாம்னு சொன்னதும் பயந்துட்டேன். மன்னிச்சுக்குங்க.”

“மன்னிப்பு கெடக்கட்டும். முட்டை உசுரோட இருக்குதா, அதச் சொல்லு.”

“ஒரு தட்டுப் போயிருச்சுங்க.”

அந்தப் பக்கம் எதையோ இழுத்துத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு, “எட்டு மணி வண்டி கெளம்பப் போகுது, போன வெய்யி” என்று ஒரு கத்தல். அவ்வளவுதான்.

புளியம்பாளையம் பிரிவில் பஸ் நின்றபோது, கண்டக்டர் படியில் தொங்கியபடியே, “கிருபா கடைப் பார்சல் யாருதுங்க?” என்று கேட்டார். மேகலா கை தூக்கினாள். பழைய சாக்குத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு விசில் ஊதினார். கையெழுத்து இல்லை, ரகசிய எண் இல்லை, முகத்தைக் காட்டு விரலை வை என்று எதுவும் இல்லை. பஸ் போய்விட்டது. வேப்ப மரத்தடியில் நின்று அவள் பிரித்துப் பார்த்தாள். கஞ்சா இருக்குமோ என்ற பயம் அப்போதும் அவளை விட்டுப் போகவில்லை. உள்ளே போர்டு இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கூடவே இரண்டு ஃபியூஸ் போட்டிருந்தார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

போர்டை மாட்டினார்கள். எந்த ஒயரை எங்கே செருக வேண்டும் என்று கிருபாகரன் போனில் கத்திக்கொண்டே இருந்தார். பெட்டியில் விளக்கு எரிந்து, சூடு தானாக ஒரு நிலைக்கு வந்து நின்றது. ஸ்டூலிலேயே சாய்ந்து தினகரன் சாயங்காலம் வரை தூங்கினான்.

அடுத்த வாரத்தில் குஞ்சுகள் ஓடு கொத்த ஆரம்பித்தன. பொரிப்பகம் முழுக்கக் கீச்சுச் சத்தம். ஊர்ப் பெண்கள் கூடையோடு வந்து நின்றார்கள். வெந்துபோன தட்டுக்கு உரியவர்களிடம் மேகலா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தன் பங்குக் குஞ்சுகளிலிருந்து அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். “நீயென்ன பண்ணுவ” என்று ருக்குமணி சொன்னது அவளுக்கு ஆறுதலாகவே இல்லை.

கூட்டம் போனதும் முதல் வேலையாகக் கிருபாகரனுக்குப் பணம் அனுப்ப உட்கார்ந்தாள். ஒரு குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பேரைப் பார்த்ததும் மனசு பொங்கியது. பெற்றவர் போல வந்து காப்பாற்றினாரே என்று நினைத்தபடி பட்டனை அமுக்கினாள்.

“நீங்கள் உணர்ச்சிவசப்பட்ட நிலையில் இருக்கிறீர்கள்” என்றது பட்டை. சிவப்பு.

“சந்தோசத்துல இருக்கறண்டி” என்று அதனிடம் சண்டைக்குப் போனாள். பட்டைக்குச் சந்தோசத்தில் அடிக்கும் நெஞ்சும் பயத்தில் அடிக்கும் நெஞ்சும் ஒன்றுதான். முகம் கழுவிவிட்டு வந்து அமுக்கினாள். சிவப்பு. மறுநாள் அமுக்கியபோது குரல் வேறு மாதிரி வந்தது.

“கிருபாகரன் என்பவருடன் தொடர்பு கொள்ளும்போதெல்லாம் நீங்கள் பலமுறை பதறியிருக்கிறீர்கள். பிற பயனாளர்களும் பதறியிருக்கிறார்கள். உங்கள் பாதுகாப்புக்காக இந்த விற்பனையாளர் நிரந்தரமாகத் தடைசெய்யப்பட்டார். இனி நீங்கள் அச்சமின்றி இருக்கலாம். இதே பொருளைச் சாந்தம் ஸ்டோர்ஸில் வாங்க விரும்புகிறீர்களா?”

அந்த மனிதரின் கடை முடங்கியதற்கு, திரும்பத் திரும்ப அமுக்கிய மேகலாவின் விரலும் ஒரு காரணம்.

அன்று சாயங்காலமே ருக்குமணி வீட்டுக்கும் தங்காயி வீட்டுக்கும் போனாள். கல்யாணம் காட்சிக்கென்று அரிசிப் பானையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் அவர்கள் வைத்திருந்த நோட்டுகளை வாங்கிக்கொண்டு, அதற்குண்டானதைப் பட்டை வழியாக அவர்களுக்கு அனுப்பினாள். அவர்களுக்கு அனுப்பும்போது மட்டும் பட்டையில் பச்சை எரிந்தது. தங்காயி ஒரு மஞ்சள் மொய்க்கவரும் தந்தாள்.

“கடைக்காரருக்கு மொய் வெச்சா எப்புடி ஒத்துக்குவாங்க? விசேஷம் இருக்கோணுமல்ல?” என்றான் தினகரன்.

“கோழிக்குஞ்சு பொறந்திருக்குது. அது விசேஷம் இல்லீங்களா?” என்றாள் மேகலா.

ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, நல்ல குஞ்சுகளாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு கோவைக்குப் பஸ் ஏறினாள். கடையைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவளுக்குத் தயக்கமாகிவிட்டது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பந்தல் போட்டிருந்தது. ‘கிருபாகரன் – சாந்தி தம்பதியர் அறுபதாம் கல்யாணம். அனைவரும் வருக’ என்று பேனர் தொங்கியது. நல்ல நாளும் அதுவுமாக வந்து நிற்கிறோமே என்று அவள் திரும்பிப் போகப் பார்த்தாள்.

“புளியம்பாளையமா? வாம்மா, உள்ள வா” என்று ஒரு குரல் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டது. ஆள் குட்டையாக, ஒல்லியாக, சட்டையெல்லாம் கிரீஸ் கறையோடு இருந்தார். கழுத்தில் மட்டும் ஒரு ரோஜா மாலை.

அவள் கவரையும் பெட்டியையும் நீட்டினாள். “கல்யாணம்னு தெரியாதுங்ணா. அண்ணி எங்கீங்க? அவங்களையும் பாத்துட்டுப் போறேன்.”

“எந்த அண்ணி? எனக்குக் கல்யாணமே ஆகலயே.”

மேகலா பேனரைப் பார்த்தாள்.

“அது பிரஸ்காரன் வெச்ச பேரு” என்றார் கிருபாகரன். “போன மாசம் மரகதம்னு போட்டிருந்தான். எனக்கு மாசாமாசம் அறுபது முடியுது. முந்தியெல்லாம் பணம் போட வழியத்தவங்களுக்காக மட்டும் பண்ணிட்டு இருந்தேன். இப்பக் கடைய முடக்கிட்டான். இனி யாவாரமே இதுதான்.”

அப்போதுதான் அவள் பந்தலைச் சரியாகப் பார்த்தாள். உட்கார்ந்திருந்த யார் முகத்திலும் கல்யாணக் களை இல்லை. ஒருவர் மடியில் கழற்றிய மோட்டார் இருந்தது. ஒரு பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லார் கையிலும் மஞ்சள் கவர். தாம்பாளத்தில் கவரை வைக்கிறவர்களுக்குத் தாம்பூலப்பையில் தேங்காயோடு சேர்த்து உதிரி பாகத்தையும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னாலதானுங்களா கடை போச்சு?” என்றாள் மேகலா. அதைக் கேட்காமல் அவளால் திரும்பிப் போக முடியாது.

அவர் பொய் சொல்லவில்லை. “உன்னோடது கடைசிப் புள்ளி. அதுக்கு முன்னாடி எத்தனையோ. பாரும்மா, இல்லாத சரக்க விக்கறவளுக்கு முத்திரை. இருக்கற சரக்க வித்துக் காசு வாங்கறதுக்கு நான் இல்லாத பொண்டாட்டியக் கட்ட வேண்டியிருக்குது. செரி செரி, மொதல்ல சாப்புடு. ஆபீசருங்க வந்து பாத்தா எலை விழுந்திருக்கோணும். எலை விழுந்தா விசேஷம், இல்லீன்னா யாவாரம்னு கேஸ் போட்டுருவான்.”

அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தவர், ஒரு குஞ்சைக் கிரீஸ் படிந்த உள்ளங்கையில் தூக்கி வைத்துக்கொண்டு, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி அதனிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று மேகலாவுக்குக் கேட்கவில்லை.

அவள் பந்தியில் உட்கார்ந்தாள். இனிப்புக்கு ஒப்புட்டு வைத்தார்கள், நெய் ஊற்றினார்கள். இந்தப் பக்கம் மோட்டார், அந்தப் பக்கம் கட்டில் சக்கரம். யாருக்கும் யாரையும் தெரியாது. “உங்களுக்கு என்ன போச்சுங்க?” என்று பக்கத்துப் பெண் கேட்டாள். மேகலா சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல, காலையிலிருந்து, இல்லை, போர்டு புகைந்த நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது.

இலைக்குப் பக்கத்தில் கிடந்த இடது மணிக்கட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

“நீங்கள் இப்போது மிகவும் நிதானமாக இருக்கிறீர்கள்” என்றது பட்டை, அந்தக் குழைவான குரலில். “வாங்குவதற்கு இது நல்ல நேரம். சாந்தம் ஸ்டோர்ஸிலிருந்து உங்களுக்கு ஒரு சலுகை வந்திருக்கிறது. காட்டட்டுமா?”

மேகலா அந்தக் கையை இலைக்குக் கீழே தள்ளிவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, இங்க சித்தெ ரசம் ஊத்துங்க.”